ஹென்போன் தொல்லையை குறைக்கிறது எப்படி, நம்ம ஊர் ஆளுங்களுக்கு

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊர்ல இருக்கறவங்ககிட்ட வந்து "ஒரு வாரம் போனை ஆஃப் பண்ணி அலமாரியில வைங்க, மனசு லேசாகிடும்"ன்னு சொன்னா சிரிப்பு தான் வரும். நாளைக்கு எந்த பிளாக்ல வேலைன்னு, தோட்டத்துல வேலை பிரிச்சுக் குடுக்கற மண்டோர் வாட்சாப்ல தான் போடுறாரு, பேக்டரி பஸ் லேட்டுன்னா டிரைவர் அதுல தான் சொல்றாரு, பிள்ளையோட வீட்டுப்பாடம் வகுப்பு குரூப்ல தான் வருது, கோயில் கமிட்டி கூட்டம், யாரு வீட்டு கல்யாணம், யாரு தவறிட்டாங்க, எல்லாம் அந்த ஒரு சின்ன கண்ணாடிக்குள்ள தான் இருக்கு. இதை ஆஃப் பண்ணிட்டு எங்க போறது. ஏசி ஆபீஸ்ல உக்காந்து ஈமெயில் பாக்கறவங்களுக்காக எழுதுன அட்வைஸ் நமக்கு பாதி ஒத்து வராது, அதான் இதை எழுதுறேன்.

நான் சொல்லப் போறது ஒரே ரூல். அவசரம்னா கால் வரட்டும், மெசேஜ் எல்லாம் காத்திருக்கட்டும். கீழ இருக்கற எல்லா செட்டிங்கும் இந்த ஒரு ரூலை போனுக்கு புரிய வைக்கிறதுக்கு தான்.

தோட்டத்துல இருந்த பெரியவங்களை கேட்டுப் பாருங்க, அந்தக் காலத்துல தோட்டம் பூராத்துக்கும் ஆபீஸ்ல ஒரு போன் தான், கணக்கு எழுதற கிராணி மேசை மேல இருக்கும். அதுல சேதி வந்தா ஒண்ணு சாவு, இல்ல பிரசவம், இல்ல ஆஸ்பத்திரி, ஆபீஸ் பையன் லயத்துக்கு ஓடி வந்து சொல்லுவான், ரோஜாப்பூ படம் போட்ட குட்மார்னிங்குக்கெல்லாம் எவனும் ஓடி வரல. நம்ம கையில இருக்கற ஹென்போனையும் அந்த கிராணி போன் மாதிரி ஆக்கறது தான் வேலை.

ஏன் இப்படி இழுக்குது

இதுல ரொம்ப நேரம் போக வேணாம், ஆனா கொஞ்சம் தெரிஞ்சா "நமக்கு தான் மனக்கட்டுப்பாடு இல்ல"ன்னு நம்மளையே திட்டிக்கறது குறையும். கீழ தள்ளத் தள்ள முடிவே இல்லாம வந்துக்கிட்டே இருக்குதே, அந்த டிசைனை 2006ல செஞ்சது ஏஸா ராஸ்கின்ன்னு ஒருத்தர், பிற்பாடு அவரே இதை செஞ்சதுக்கு வருத்தப்பட்டு வெளிப்படையா பேசியிருக்காரு. பழைய பேப்பருக்கு கடைசி பக்கம்னு ஒண்ணு உண்டு, படிச்சு முடிச்சா மடிச்சு வச்சிட்டு எழுந்து போயிடுவோம், இதுல எந்திரிக்கறதுக்கு இடமே விடல. அதோட எப்ப நல்லது வரும் எப்ப குப்பை வரும்னு தெரியாம இருக்கறது தான் இன்னும் மோசம், பத்து வீடியோ மொக்கையா இருக்கும் பதினொண்ணாவது சிரிக்க வைக்கும், அந்த பதினொண்ணுக்காக கை தள்ளிக்கிட்டே இருக்கும். எப்பவாவது ஒரு தடவை தான் கிடைக்கும்னா அந்தப் பழக்கத்தை விடறது ரொம்ப கஷ்டம்னு ஸ்கின்னர்ங்கற மனோதத்துவ நிபுணர் புறாவையும் எலியையும் வச்சே காட்டிட்டாரு, கெந்திங் போயி ஸ்லாட் மெஷின் முன்னாடி உக்காந்தவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இன்னொரு விஷயம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல குளோரியா மார்க்னு ஒரு பேராசிரியை, ஸ்க்ரீன் முன்னாடி வேலை செய்யறவங்க ஒரு விஷயத்துல எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னு பல வருஷமா அளந்துட்டு வராங்க, 2004ல சராசரி இரண்டரை நிமிஷம் இருந்தது இப்ப 47 செகண்ட் பக்கம் வந்து நிக்குது. அதே மாதிரி 2009ல சோஃபி லெராய் எழுதுன ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, ஒரு வேலையை பாதியில விட்டுட்டு அடுத்ததுக்கு போனா பழைய வேலையோட மிச்சம் மண்டையில ஒட்டிக்கிட்டே வரும்னு. அப்ப ரெண்டு செகண்ட் தானே பாத்தேன்ன்னு சொல்றது கணக்குக்கு ஒத்து வராது, பாத்தது ரெண்டு செகண்ட், அதை மறந்துட்டு திரும்ப கணக்குல உக்கார ஆகறது எத்தனையோ நிமிஷம்.

முதல்ல எண்ணிப் பாருங்க

ஆண்ட்ராய்டு போன்னா செட்டிங்ஸ்ல "டிஜிட்டல் வெல்பீயிங்"னு ஒண்ணு இருக்கும், ஐபோன்னா "ஸ்க்ரீன் டைம்". எல்லாரும் அதுல எத்தனை மணி நேரம்னு தான் பாப்பாங்க, நீங்க அதை விடுங்க, மணி நேரத்துல ஒண்ணும் தெரியாது, ஒருத்தர் ரேடியோ மாதிரி யூடியூப்ல பக்திப் பாட்டு ஓட விட்டுட்டு சமைச்சிருப்பாரு அதுவும் அதுல சேந்திடும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனை திறந்தீங்க, எந்த ஆப் எத்தனை நோட்டிபிகேசன் அனுப்புச்சு, இந்த ரெண்டு எண்ணைப் பாருங்க. ஒரு சாதா வேலை நாள், ஒரு லீவு நாள், ரெண்டையும் எழுதி வச்சிக்கிட்டா போதும். எந்த ஆப் தலைவர்னு அப்பவே தெரிஞ்சிடும், பெரும்பாலும் வாட்சாப் குரூப்பும் ஷாப்பிங் ஆப்பும் தான் முன்னால நிக்கும்.

நோட்டிபிகேசனை வெட்டறது

ஒவ்வொரு ஆப்பா செட்டிங்ஸ் போயி தேட வேணாம், சோம்பேறி வழி ஒண்ணு இருக்கு. ஒரு வாரத்துக்கு நோட்டிபிகேசன் வர வர, அதை விரலால அழுத்திப் பிடிச்சீங்கன்னா அங்கயே ஆஃப் பண்ற பட்டன் வரும், அமுக்கிட்டு போய்க்கிட்டே இருங்க. ஷோப்பி, லசாடா, டிக்டாக், பேஸ்புக், கேம், சாப்பாடு டெலிவரி ஆப் எதுவா இருந்தாலும் சரி. 11.11 சேல் வருதுன்னு அது வந்து சொல்லணும்னு அவசியம் இல்ல, அதை நமக்கு சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஆண்ட்ராய்டு 13ல இருந்து புதுசா ஒரு ஆப் போட்டா நோட்டிபிகேசன் அனுப்பலாமான்னு அதுவே கேக்கும், வேணாம்னு அமுக்க பழகிக்கங்க, தேவைப்பட்டா அப்புறம் திறந்து விடலாம்.

ஒண்ணை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க, பேங்க் ஆப். யாராவது உங்க கணக்குல கை வச்சா முதல்ல அது தான் கத்தும், காசு போயிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே பேங்குக்கோ, மோசடி புகாருக்கு இருக்கற 997க்கோ கூப்பிடறதுல தான் பிழைப்பு இருக்கு, அதுல தாமதம் ஆகக்கூடாது. ஈ-வாலட்டும் அதே கணக்கு தான், ஆனா அதுல வர்ற புரோமோசன் விளம்பரத்தை மட்டும் தனியா ஆஃப் பண்ண முடிஞ்சா பண்ணிடுங்க.

வாட்சாப்பு, இதுல தான் உயிரே போகுது

நம்ம ஊர்ல ஒரு சராசரி ஆளு எத்தனை குரூப்ல இருப்பாரு தெரியுமா, பெரிய குடும்பம், சின்ன குடும்பம், அம்மா பக்கம், வேலை, பிள்ளைங்க வகுப்பு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு, பெற்றோர் சங்கம், கோயில், தாமான் ரோந்து, படிச்ச பள்ளிக்கூட செட்டு, புட்சால், அதுல ரெண்டு செத்துப் போன குரூப்பு யாரும் வெளிய போகலன்னு நாமளும் போகாம இருக்கறது. இதை ஒரே நாள்ல உக்காந்து மூணா பிரிச்சிடுங்க.

முதல் வகை, வேலைக்கும் பிள்ளைக்கும் உண்மையிலயே தேவையானது, ரெண்டு மூணு தான் தேறும். இது மேலயே இருக்கட்டும், பின் பண்ணி வைங்க. ரெண்டாவது வகை, விட முடியாது ஆனா உடனே பாக்கணும்னு இல்லாதது, குடும்பம் கோயில் எல்லாம் இதுல வரும். இதை மியூட் பண்ணுங்க, 8 மணி நேரம் ஒரு வாரம்னு கேக்கும், "எப்பவும்"ங்கறதை அமுக்குங்க, அடுத்து ஆர்கைவ்ல தள்ளிடுங்க. செட்டிங்ஸ்ல சாட் பகுதியில "ஆர்கைவ் பண்ணது ஆர்கைவ்லயே இருக்கட்டும்"ங்கற மாதிரி ஒரு பட்டன் இருக்கு, அது ஆன்ல இருந்தா புது மெசேஜ் வந்தாலும் மேல ஏறி வந்து முகத்தைக் காட்டாது, உங்க பேரைப் போட்டு டேக் பண்ணாலோ உங்க மெசேஜுக்கு ரிப்ளை பண்ணாலோ மட்டும் தெரிவிக்கும். குரூப்ல இருந்து வெளிய போனா சித்தப்பா கோவிச்சுக்குவாரு, ஆர்கைவ்ல போட்டா அவருக்கு தெரியவே தெரியாது, குடும்ப அமைதிக்கும் இது நல்லது. மூணாவது வகை செத்த குரூப்பு, வெளிய வந்துடுங்க, இப்ப வாட்சாப்ல வெளிய போனா அட்மினுக்கு மட்டும் தான் உடனே தெரியும், எல்லாருக்கும் தண்டோரா போடாது.

பிரைவசியில குரூப்ஸ்னு இருக்கும், அதுல "என் கான்டெக்ட் மட்டும்"னு மாத்திடுங்க, முகம் தெரியாதவன் இன்வெஸ்ட்மெண்ட் குரூப்ல இழுத்துப் போடறது நிக்கும். ஸ்டோரேஜ் பகுதியில போட்டோ வீடியோ தானா டவுன்லோட் ஆகறதை நிறுத்துங்க, டேட்டாவும் மிச்சம் போனும் நிறையாது, அதை விட முக்கியம், தானா வந்து விழுந்த வீடியோவை பாக்காம விடறது கஷ்டம், நாமளா அமுக்கி எடுக்கணும்னா பாதிக்கு மேல வேணாம்னு விட்டுடுவோம்.

அடுத்தது சத்தம். வாட்சாப் நோட்டிபிகேசன் செட்டிங்ல மெசேஜுக்கு ஒரு டோன், குரூப்புக்கு ஒரு டோன், காலுக்கு ஒரு டோன் தனித்தனியா இருக்கும். மெசேஜையும் குரூப்பையும் சத்தம் இல்லாம பண்ணிட்டு, மேல இருந்து குதிச்சு வர்ற பாப்-அப்பையும் நிறுத்திடுங்க, கால் டோனை தொடாதீங்க. முதல் வகை குரூப்புக்கு மட்டும் தனியா ஒரு டோன் போட்டுக்கலாம், அப்ப அந்த சத்தம் கேட்டா தான் கை போகும்.

"சாவுச் சேதி வந்தா தெரியாம போயிடுமே"ன்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, நியாயமான பயம் தான், நம்மள்ல ஒரு சாவுக்கு போகாம விட்டா பத்து வருஷம் பேசுவாங்க. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, நெருங்குன சொந்தம் தவறிட்டா யாராவது ஒருத்தர் கண்டிப்பா கால் பண்ணுவாங்க, குரூப்ல போட்டோட விடமாட்டாங்க. தூரத்து பழக்கம்னா அன்னைக்கு மதியமோ சாயந்திரமோ பாத்தாலும் எடுக்கற நேரத்துக்கு போய் சேரலாம். இருந்தும் மனசு கேக்கலன்னா வீட்டுல யாரு எப்பவும் போன் கையோட இருக்கறாங்களோ, பெரும்பாலும் ஒரு அத்தையோ பெரியம்மாவோ இருப்பாங்க, அவங்ககிட்ட "இப்படி ஏதாவது சேதின்னா எனக்கு ஒரு கால் அடிச்சிடுங்க"ன்னு சொல்லி வைங்க. அவங்களுக்கு அதுல சந்தோசம் தான்.

மத்தவங்ககிட்ட சொல்லி வைக்கிறது

இதை விட்டுட்டு செட்டிங்கை மட்டும் மாத்துனா ரெண்டே நாள்ல "என்னடா ப்ளூ டிக் வந்தும் பதில் இல்ல, பெரிய ஆளாயிட்டியா"ன்னு வரும். அதனால முன்னாடியே குரூப்ல ஒரு தடவை போட்டுடுங்க, இந்த மாதிரி:

"வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். இனிமே குரூப் மெசேஜ் மதியம் சாப்பாட்டு நேரத்துலயும் ராத்திரி ஏழு மணிக்கும் தான் பாப்பேன். அவசரம்னா எத்தனை மணின்னாலும் கால் பண்ணுங்க, எடுத்துடுவேன்."

வேலைக்கு வேற மாதிரி: "அண்ணே, நாளைக்கு வேலை மாத்தம் இருந்தா ராத்திரி எட்டுக்குள்ள போட்டீங்கன்னா பாத்துடுவேன், அதுக்கு மேலன்னா ஒரு மிஸ்கால் விடுங்க, நானே திறந்து பாத்துக்கறேன்." மிஸ்கால் பழைய டெக்னிக், தாப்-அப் காசு இல்லாத காலத்துல நாம எல்லாரும் செஞ்சது தான், இப்பவும் நல்லா வேலை செய்யும்.

வகுப்பு டீச்சர்கிட்ட ரூல் பேச முடியாது, அவங்களுக்கும் நூறு தொல்லை. அவங்க போடற நேரத்தை பாத்து வச்சிக்கிட்டு அதுக்கப்புறம் ஒரு தடவை பாத்துக்கங்க, அவ்வளவு தான்.

கால் மட்டும் உள்ள வர்ற வழி

மத்த சத்தத்தை அடைச்சிட்டு வேண்டியவங்க காலை மட்டும் விடற செட்டிங் ஒண்ணு இருக்கு, ஆண்ட்ராய்டுல "டூ நாட் டிஸ்டர்ப்", ஐபோன்ல "போகஸ்". ஆண்ட்ராய்டுல கான்டெக்ட்ல போயி வீட்டு ஆளுங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம், மண்டோர் இல்ல சூப்பர்வைசர், பக்கத்து வீடு, இவங்க பேருக்கு பக்கத்துல ஸ்டாரை அமுக்குங்க, அப்புறம் டூ நாட் டிஸ்டர்ப்ல "ஸ்டார் போட்டவங்க கால் மட்டும்"னு வைங்க. கூடவே "திரும்பக் கூப்பிட்டா விடு"ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதையும் ஆன் பண்ணுங்க, ஒரே நம்பர் ஆண்ட்ராய்டுல 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா அடிக்கும், ஐபோன்ல மூணு நிமிஷத்துக்குள்ள. ஆக்சிடென்ட்டு ஆஸ்பத்திரின்னு தெரியாத நம்பர்ல இருந்து கூப்பிடறவங்க ஒரு தடவையோட விடமாட்டாங்க.

வீட்டு ஆளுங்ககிட்ட இதையும் சொல்லிடுங்க, அவசரம்னா வாட்சாப் கால் வேணாம் சாதா லைன்ல கூப்பிடுங்கன்னு. வாட்சாப் கால் இந்த கதவைத் தாண்டி வர்றது போனுக்கு போன் மாறும், அதோட உள்ள தள்ளி இருக்கற தோட்டத்துல டேட்டா லைன் எப்ப இருக்கும் எப்ப போகும்னு அந்த டவருக்கே தெரியாது.

டிக்டாக், ரீல்ஸ், ஷார்ட்ஸ்

இதுல என் கருத்து கொஞ்சம் கடுமை. டைமர் வச்சு கட்டுப்படுத்தறேன்னு சொல்றது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது, நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லும், அங்கயே இன்னும் கொஞ்ச நேரம்னு பட்டனும் இருக்கும். டிக்டாக்ல 2023ல இருந்து 18 வயசுக்கு கீழ இருக்கற கணக்குக்கு ஒரு நாளைக்கு 60 நிமிஷம்னு தானா வச்சிருக்காங்க, ஆனா 13 வயசுக்கு மேலன்னா பாஸ்கோட் அடிச்சு அந்தப் பிள்ளையே தாண்டிக்கலாம். பெத்தவங்க பாமிலி பேரிங்ங்கற செட்டிங்ல பிள்ளை கணக்கோட சேந்து வச்சா தான் அதுக்கு அர்த்தம்.

பெரியவங்களுக்கு நான் சொல்றது, ஆப்பை எடுத்துடுங்க, கணக்கை அழிக்க வேணாம். பாக்கணும்னா பிரவுசர்ல போயி லாகின் பண்ணி பாருங்க. அது மெதுவா இருக்கும், எரிச்சலா இருக்கும், அந்த எரிச்சல் தான் நமக்கு வேணும். யூடியூப் நிறைய போன்ல அழிக்க முடியாது, அதுல வாட்ச் ஹிஸ்டரியை ஆஃப் பண்ணி பழசையும் அழிச்சிடுங்க, 2023 ஆகஸ்ட்ல இருந்து அப்படி செஞ்சா முதல் பக்கத்துல வீடியோ சிபாரிசே வராம காலியா இருக்கும், நாம தேடுனா தான் உண்டு. ஆட்டோபிளேவையும் நிறுத்துங்க. சமையல் வீடியோ பாக்கப் போன அக்கா சமையலோட திரும்பி வருவாங்க, நடுவுல சீரியல் நடிகை விவாகரத்துக்கு போகமாட்டாங்க.

ஸ்க்ரீனை கலர் இல்லாம கறுப்பு வெள்ளையா மாத்தறதும் ஒரு வழி, பெட்டைம் மோட்ல கிரேஸ்கேல்னு இருக்கும். சிலருக்கு நல்லா வேலை செய்யுது சிலருக்கு ரெண்டு நாள்ல பழகிடுது. செலவில்லாத வேலை, செஞ்சு பாருங்க.

எஸ்பிஎம் பிள்ளைங்க

எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போற அஞ்சாம் படிவத்துப் பிள்ளைகிட்ட போனை புடுங்குனா பிரச்சனை, புடுங்கலன்னாலும் பிரச்சனை. பள்ளிக்கூடத்து ஆன்லைன் பாடத்துக்கான டெலிமா அதுல தான், டியூசன் சார் போடற வீடியோ அதுல தான், கூட்டாளிகிட்ட கணக்கு கேக்கறதும் அதுல தான். வீட்டுல கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்கு அந்த போன் தான் எல்லாம், அதனால "போனை தொடாம படி"ன்னு சொல்றது சும்மா பேச்சு.

நான் டியூசன் பிள்ளைங்களுக்கு சொல்றது வேலையை ரெண்டா வெட்டறது. ஆன்லைன் வேலை ஒரு பக்கம், பேப்பர் வேலை ஒரு பக்கம். முதல் அரை மணி நேரம் ஆன்லைன் வேலை, வீடியோ எடுத்து வைக்கிறது, பழைய வருஷ கேள்வித்தாள் டவுன்லோட் பண்றது, நோட்ஸ் படம் எடுத்ததை கையால எழுதிக்கறது, சந்தேகம் கேக்கறது. அது முடிஞ்சதும் டேட்டாவும் வைபையும் ஆஃப், போன் அம்மாகிட்டயோ ஹால்லயோ போயிடணும். அடுத்தது பேப்பர், பேனா, டைமர். 25 நிமிஷம் படிச்சு 5 நிமிஷம் எந்திரிச்சு நடக்கறதுன்னு ஒரு முறை இருக்கு, பொமொடோரோன்னு பேரு, பிரான்செஸ்கோ சிரில்லோங்கற இத்தாலிக்காரர் காலேஜ்ல படிக்கறப்ப தக்காளி மாதிரி இருந்த சமையலறை டைமரை வச்சு ஆரம்பிச்சது. எல்லாப் பாடத்துக்கும் 25 சரியா வரும்னு எனக்கு தோணல, கூடுதல் கணிதத்துல ஒரு கேள்வியே சில நேரம் அதுக்கு மேல போகும், கேள்வி முடியற வரைக்கும் போங்க. ஆனா டைமர் போன்ல வேணாம், அலாரத்தை நிறுத்தப் போன கை அங்கயே தங்கிடும். பட்டணத்துல பத்து பதினஞ்சு வெள்ளிக்குள்ள சமையலறை டைமர் கிடைக்கும்.

பக்கத்துல ஒரு கிழிஞ்ச நோட்டு வைங்க. படிக்கறப்ப "அந்த மேட்ச் என்ன ஆச்சு", "அவ கேட்டதுக்கு பதில் சொல்லல", "இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்"னு ஏதாவது ஓடி வரும், உடனே அதை அந்த நோட்டுல எழுதிட்டு திரும்ப பாடத்துக்கு வந்துடணும். ராத்திரி போன் கைக்கு வந்ததும் அந்த லிஸ்டை பாத்தா பாதி தேடவே தேவையில்லாததா இருக்கும்.

போனை மேசையில கவுத்து வச்சா போதாதான்னு கேப்பாங்க. 2017ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஏட்ரியன் வார்டும் அவரோட ஆளுங்களும் கிட்டத்தட்ட 800 பேரை வச்சு சோதிச்சாங்க, போன் சத்தமே போடாம மேசையில இருந்தவங்களை விட அடுத்த ரூம்ல வச்சவங்க நல்லா செஞ்சாங்க. பின்னாடி வேற ஆராய்ச்சிக்காரங்க திரும்ப செஞ்சப்ப எல்லாருக்கும் அதே முடிவு வரல, அதனால இதை வேதவாக்கா எடுத்துக்க வேணாம், ஆனா அடுத்த ரூம்ல வைக்கிறதுக்கு காசு செலவு இல்லையே.

சின்னப் பிள்ளைங்களுக்கு கூகுள் பாமிலி லிங்க் இருக்கு, உங்க போன்ல இருந்தே அவங்க போனுக்கு நேரம் வைக்கலாம், ராத்திரி லாக் பண்ணலாம். ஆனா அப்பா மேசையில உக்காந்து சோத்தைப் பிசைஞ்சிக்கிட்டே ரீல்ஸ் பாத்தா எந்த லிங்க்கும் உதவாது.

தூக்கம், அதுலயும் ஷிப்ட் வேலைக்காரங்க

ரப்பர் பால் வெட்டுக்கு போறவங்க விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணும், குளுமை இருக்கறப்ப தான் பால் நல்லா ஓடும். செம்பனைக்கும் காலையிலயே பேர் குடுக்கற பெரட்டுக்கு நிக்கணும். இவங்களுக்கு ராத்திரி ஒரு மணி நேரம் போனா அது அடுத்த நாள் கத்தி பிடிக்கற கையில தெரியும், மோட்டர்ல போறப்ப கண்ணுல தெரியும்.

வெளிச்சம் தான் தூக்கத்தை கெடுக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க, நீலக் கலரை குறைக்கற கண்ணாடியெல்லாம் விக்கறாங்க. 2014 கடைசியில வெளியான ஒரு ஹார்வர்ட் ஆய்வுல, படுக்கறதுக்கு முன்னாடி வெளிச்சம் விடற ஸ்க்ரீன்ல படிச்சவங்களுக்கு பேப்பர் புத்தகத்துல படிச்சவங்களை விட தூக்கம் வர சுமார் 10 நிமிஷம் லேட்டாச்சு. தூக்கம் வர்ற நேரத்துல வித்தியாசம் அவ்வளவு தான். நம்ம தூக்கத்துல ஒண்ணரை மணி நேரத்தை தின்னது வெளிச்சம் இல்ல, "இன்னும் ஒண்ணு மட்டும்" தான். அதனால நைட் மோட் போட்டுட்டு ஸ்க்ரோல் பண்ணா பிரயோசனம் கம்மி.

செய்ய வேண்டியது, போனை படுக்கற ரூமுக்கு வெளிய சார்ஜ் போடுங்க. அலாரத்துக்கு தனியா ஒரு மணிக்கூடு வாங்குங்க. அவசர கால் வரும்னா ஹால்ல சத்தமா வச்சிடுங்க, லயத்து வீட்டுல ஹால்ல அடிச்சா ரூமுக்கு கேக்காம போகாது, பக்கத்து வீட்டுக்கே கேக்கும்.

பேக்டரியில ஷிப்ட் மாறி மாறி செய்யறவங்களுக்கு பெட்டைம் மோட் ஒரே நேரத்துல வச்சா ஒத்து வராது. டூ நாட் டிஸ்டர்ப்ல, ஐபோன்னா போகஸ்ல, காலை ஷிப்டுக்கு ஒண்ணு, ராத்திரி ஷிப்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஷெட்யூல் செஞ்சு வச்சிக்கிட்டு வாரா வாரம் ஒண்ணை ஆன் பண்ணி இன்னொண்ணை ஆஃப் பண்ணுங்க. பகல்ல தூங்கறவங்களுக்கு தான் இது ரொம்ப முக்கியம், ஊரே முழிச்சிருக்கு, குரூப்பு எல்லாம் அப்ப தான் பொங்கும், பத்து மணிக்கு தூங்கப் போனவனை பதினொண்ணுக்கு பார்சல்காரன் எழுப்புவான். பார்சலுக்கு பக்கத்து வீட்டு நம்பரை குடுத்துடுங்க.

சும்மா இருக்கற கை

போனை குறைச்சா சாயந்திரம் ஒரு ஓட்டை விழும், அதை எதையாவது வச்சு அடைக்கலன்னா கை திரும்பவும் அங்கயே போகும். பெரிசா ஒண்ணும் வேணாம். மின்னல் எப்எம் ஓட விட்டுட்டு துணி மடிக்கறது, திடல்ல பசங்களோட பந்து, உறுமி மேளம் பழகற இடத்துல போய் உக்கார்றது, ஒட்டுக்கடையில கூட்டாளியோட ஒரு தே தாரே. கடையில உக்காந்தா போன் மேசை மேல வேணாம், பாக்கெட்ல. நாலு பேரு உக்காந்து நாலு பேரும் குனிஞ்சிருந்தா அதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம்.

வயசானவங்க விஷயத்துல மட்டும் கை வைக்காதீங்க. பிள்ளைங்க கோலாலம்பூர்லயும் சிங்கப்பூர்லயும், வீட்டுல ஒத்தையா ஒரு பாட்டி, அவங்களுக்கு பேரப்பிள்ளை வீடியோ கால் தான் அன்னைக்கு பேசற ஒரே பேச்சா இருக்கும். அவங்களுக்கு போனை குறைங்கன்னு அட்வைஸ் பண்றதை விட, யாருன்னே தெரியாதவன் அனுப்பற லிங்கை அமுக்காதீங்கன்னு சொல்லிக் குடுங்க, முடிஞ்சா பெரிய எழுத்தா மாத்திக் குடுங்க.

கிளினிக்ல நம்பர் எடுத்துட்டு ரெண்டு மணி நேரம் காத்திருக்கீங்களா, பஸ் வரலையா, தாராளமா பாருங்க, அது பாக்கறதுக்கு தேர்ந்தெடுத்த நேரம். வேலை நடுவுல, சாப்பாட்டுத் தட்டு முன்னாடி, படுக்கையில, மோட்டர் மேல, இந்த நாலு இடத்தை மட்டும் விடுங்க. மோட்டர்ல ஒரு கையில போனை பிடிச்சு மேப் பாத்துக்கிட்டு லாரிக்கு நடுவுல போறவங்களை பத்தி எழுதுனா எனக்கு கோவம் வரும், விட்டுடறேன்.

தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் அன்னைக்கு இந்த ரூல் எல்லாம் ஓடாது, வாழ்த்து கொட்டும், பதில் போடலன்னா மனத்தாங்கல். அந்த நாள்ல பசியாறிட்டு ஒரு அரை மணி நேரம் உக்காந்து எல்லாருக்கும் ஒரே மூச்சுல பதில் போட்டுட்டு எந்திரிச்சிடுங்க, நெருங்குனவங்களுக்கு மட்டும் கால் பண்ணிடுங்க.

இன்னொண்ணு, புது போன் வாங்குனாலோ போனை ரீசெட் பண்ணாலோ இந்த செட்டிங்ல பாதி காணாம போயிருக்கும், கடைக்காரர் போட்டுக் குடுத்த ஆப் எல்லாம் வேற நோட்டிபிகேசன் அனுப்ப ஆரம்பிச்சிடும். அன்னைக்கே முதல் வேலையா ஸ்டார் போடற லிஸ்டையும் வாட்சாப் சத்தத்தையும் சரி பண்ணிடுங்க, மத்தது அந்த வாரத்துக்குள்ள வர வர அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணிக்கலாம்.